எந்த வாசல்?

குவாங்சோவுக்குச் சரக்கு பார்க்க வரும் நம்மூர் வியாபாரிகளுக்குத் துணையாகப் போகிற தொழிலில் பேச்சு பாதி, பயணம் பாதி. சீனம் பேச ஏற்கெனவே தெரிந்திருந்ததால், பயணத்தைத்தான் அண்ணாச்சி எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

அவர் எப்போதும் கேட்பது ஒரே கேள்வி. “மெட்ரோல ஏத்திவிடறத யாரும் செய்வாங்க தம்பி. எந்த வாசல் வழியா வெளிய வரணும்? அதச் சொல்லு.”

இந்த ஊர் மெட்ரோ நிலையங்களில் வாசலுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து போட்டிருக்கும். எழுத்து மாறினால் அகன்ற சாலையின் எதிர்ப்பக்கம் போய் நிற்போம். புதிதாக வந்தவர் கையில் பெட்டியோடு அங்கே திகைத்துப்போவார். அதனால் ஒவ்வொரு வழியையும் என்னைப் பெட்டியோடு நடக்கவைத்தார். காலிப் பெட்டி அல்ல, துணி மாதிரிகள் திணித்த பெட்டி. எந்த வாசலில் நகரும் படிக்கட்டு உண்டு, எங்கே வெறும் படிதான், பெட்டியை ஸ்கேன் செய்யும் வரிசை எங்கே நீளும் என்பதெல்லாம் கை வலித்தால்தான் மனதில் நிற்கும் என்பது அவர் முறை. எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை.

1957 முதல் நடக்கும் கேன்டன் கண்காட்சிக்குத்தான் நம்மவர்கள் அதிகம் வருகிறார்கள். வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் மூன்று கட்டமாக, நகரின் பாஜோ பகுதியில். அவர்கள் பார்க்கவேண்டிய அரங்கம் எது என்று தெரிந்த பிறகே மெட்ரோவின் 8ஆம் தடத்தில் சின்காங் தோங்கில் இறங்குவதா, பாஜோவில் இறங்குவதா என்று முடிவு செய்ய முடியும். விமான நிலையம் போகும் 3ஆம் தடத்துக்குக் கெத்சுனில் மாறலாம். ஆனால் அந்தத் தடத்தின் மாலை நெரிசலில் வயதானவர்களை ஏற்றக் கூடாது என்பது அண்ணாச்சியின் கண்டிப்பான விதி. காசு கூடினாலும் அப்போது கார்தான்.

ரயில் வேறு பாடம். குவாங்சோ என்ற பெயரோடு பல நிலையங்கள் இருக்கின்றன. ஹாங்காங்கின் மேற்கு கவுலூனிலிருந்து வரும் அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை குவாங்சோ தெற்கில் நிற்கும். அது நகர மையத்திலிருந்து தள்ளி, பான்யூவில் இருக்கிறது. பாஸ்போர்ட்தான் இங்கே டிக்கெட். பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவாகியிருக்கவேண்டும். நம்மவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். ஆகவே விசிட்டிங் கார்டை நம்பாமல், பாஸ்போர்ட்டின் படத்தை வாங்கிப் பார்த்துத்தான் பதிவு செய்கிறேன். ரயில் புறப்படச் சில நிமிடங்கள் முன்பே நடைமேடைக் கதவை மூடிவிடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

பணம் கட்டும் செயலியான அலிபேயை ஊரில் இருக்கும்போதே போனில் போட்டு, வெளிநாட்டு அட்டையை இணைத்துவிட்டு வரச் சொல்கிறோம். மெட்ரோவுக்கும் கடைக்கும் அது போதும். டிடி வாடகைக் காரையும் அதற்குள்ளிருந்தே அழைக்கலாம். ஏறியதும் ஓட்டுநர் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்பார். அந்த நான்கையும் சீனத்தில் சொல்லப் பழக்கிவிட்டால், சிவகாசியிலிருந்து வந்த வியாபாரிகூடத் தனியாகவே ஊர் சுற்றிவருவார். அவர் அப்படிக் கிளம்பிப் போவதைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த நேரம்.

கார் வந்து நிற்கும் இடத்தையும் வாசல் எழுத்தை வைத்தே குறிக்கவேண்டும். நிலையத்தின் பெயர் சீன எழுத்தில், வாசல் எழுத்து, அந்த வாசலின் படம் மூன்றையும் இப்போது நான் முதல்நாள் இரவே வாட்சப்பில் அனுப்பிவிடுகிறேன். இங்கே வந்திறங்கியபின் அது எல்லார் போனிலும் திறக்காது என்பதால் தாளிலும் அச்சடித்துக் கொடுக்கிறேன். படங்களைக் கண்காட்சிக்கு முந்தின வாரம் புதிதாக எடுக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. பழுதுபார்க்க வாசலை மூடிவைப்பதும் உண்டு.