யான் பூட்டிய முதற் கணினி

நமது கல்லூரியை விட்டு நீங்கிய மறு ஆண்டாகிய 2022இல், மார்ச் மாத இறுதியிலே, இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அக்காலத்திலேதான், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எமது சிறு வீட்டில், விளையாட்டுக் கணினியொன்றை என் கையாற் பூட்டத் துணிந்தேன். துறைமுகத் தொழிலாளியான தந்தையார் தந்த சேமிப்பே முதல். ரூபாவின் மதிப்போ வீழ்ந்துகொண்டிருந்தது.

யான் விரும்பியவை ரைசன் 5 5600எக்ஸ் செயலியும் ஆர்டிஎக்ஸ் 3060 காட்சி அட்டையும். அவ்வட்டை மட்டுமே 170 வாற்று மின்சாரம் உண்பது. இரண்டையும் வாங்கின், மலிவான மின்வழங்கியே கைக்கெட்டும்.

“தம்பி, மின்சாரம் போய் மீளும்போது முதலடி எதற்கு?” என்றார் தந்தையார்.

“மின்வழங்கிக்கு, அது தரங்கெட்டதாயின் ஏனைய உறுப்புகளுக்கும்” என்றேன். விடை என் வாயிலேயே இருந்தது.

காட்சி அட்டையைக் கைவிட்டேன். 5600எக்ஸ் செயலிக்குத் தானே படங்காட்டும் ஆற்றல் இல்லை. ஆதலின் அவ்வாற்றலைத் தன்னுள்ளே கொண்ட 5600ஜியைத் தெரிந்தேன். அது பொது நினைவகத்தைப் பகிர்ந்தே படம் வரைவதால், 16 ஜிபி ஒன்றுக்குப் பதிலாக 8 ஜிபி இரண்டைச் சோடியாகப் பூட்டினேன். எஞ்சிய பணம் தரமான 550 வாற்று மின்வழங்கிக்குச் சென்றது.

நண்பர்கள் நகைத்தனர், விளையாட்டுகள் மங்கலாகவே ஓடின. ஈராண்டு கழிந்து, என் முதற் சம்பளத்தில் அட்டையை வாங்கிப் பொருத்தியபோது, வேறெதனையும் மாற்ற நேரவில்லை. இளைய மாணவர்காள்! நண்பர் கண்ணுக்குப் படாத உறுப்பையே முதலிலே தெரிந்தெடுங்கள்.