இடக்கை பற்றிய செபமாலை

2016ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு காலைப்பொழுது. கடலூர் முதுநகரில், எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த என் தந்தையாரின் வலக்கையிலிருந்து காப்பிக் குவளை நழுவி விழுந்தது. வாய் ஒருபுறம் கோணிற்று. “என்னப்பா செய்கிறது?” என்றேன், விடை இல்லை. இரவு உறங்காத களைப்பு என்றெண்ணி, அவரைப் படுக்க வைத்தோம்.

மாலையில்தான் புறப்பட்டோம். புதுச்சத்திரம், வெள்ளாற்றுப் பாலம் எல்லாம் கடந்து, சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள மருத்துவமனையை அடைந்தோம். மூளையில் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டுமாம். எங்கள் அறியாமையால் அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது.

“மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது, பெரும்பாலோர்க்குப் பேச்சின் இருப்பிடமும் அதுவே” என்றார் மருத்துவர். கையும் சொல்லும் ஒருங்கே போனதன் காரணம் விளங்கிற்று. பேச்சுக்கு மூளையில் தனி இருப்பிடம் உண்டு என்பதைப் பாரிசு நகரில் 1861இல் புரோக்கா என்னும் மருத்துவர், ‘டான்’ என்ற ஓரசையன்றி வேறு பேச இயலாத ஒரு நோயாளியின் மூளையை ஆராய்ந்து உணர்த்தினார்.

அடுத்த கட்டிலில் இருந்த பெரியவருக்கு வலப்பாதியில் பாதிப்பு. தெளிவாகப் பேசினார், ஆனால் தட்டின் இடப்பக்கத்து இட்டிலி அவர் கண்ணில் படவேயில்லை. அவர் மனைவி ஒவ்வொரு வேளையும் தட்டைத் திருப்பி வைப்பார். எதிர்க் கட்டிலில் இருந்தவருக்குச் சிறுமூளையில் அடைப்பு. கைகால்களில் வலுவிருந்தும் நடை தள்ளாடியது; குடித்திருக்கிறார் என்றே வீட்டார் முதலில் ஐயுற்றனராம்.

நாவடைத்த செக்கரியா, எழுதுபலகை கேட்டு மகனின் பெயரை எழுதினார் என்கிறது லூக்கா நற்செய்தி. என் தந்தையார்க்கு அதுவும் இயலவில்லை. இடக்கையில் எழுதுகோலைக் கொடுத்தும் எழுத்துகள் கூடவில்லை. இழந்தது நாவின் அசைவை மட்டுமன்று, மொழியையே.

பத்தாம் நாள் மாலை அம்மா கட்டிலருகே செபமாலை தொடங்கினார். மங்கள வார்த்தை செபத்தின் பிற்பகுதியைத் தந்தையார் தடையின்றிச் சொன்னார்! தண்ணீர் என்று கேட்க இயலாத நா அது. புதுமையென்று நான் கண்கலங்க, நெடுநாள் பழகிய செபமும் பாட்டும் காயம்படாத பகுதிகளின் துணையால் இவ்வாறு வெளிவருவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். என் வியப்பு குறையவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அந்திதோறும் சேர்த்து வைத்ததை ஆண்டவர் அவருக்குத் திருப்பித் தந்தார் என்றே இன்றும் நம்புகிறேன்.

வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு நொடியும் தாழ்த்தாதீர்கள். செபத்தை வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

அன்றிரவு இயேசு கற்பித்த செபத்தைச் சேர்ந்து சொன்னோம். மன்னிப்பு வேண்டும் இடம் வந்ததும் என் குரல் நின்றது. தந்தையாரின் குரல் நிற்கவில்லை. அவரது இடக்கை என் கையை இறுகப் பற்றியிருந்தது.