பழைய கோவாவில் ஒரு சுவர்



கோட்டாற்றுச் சவேரியார் திருவிழாவை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. டிசம்பர் 3ஆம் நாள் இங்கே பள்ளிகளுக்கும் விடுமுறை. ஆயினும் அப்புனிதரின் திருவுடல் துயில்கொள்ளும் இடத்தைக் கண்டு வந்தவர் நம்முள் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன், பங்குமக்கள் இருபத்தைந்து பேருடன் நாகர்கோவிலில் ரயிலேறி, மட்காவில் இறங்கி, பழைய கோவாவுக்குத் திருயாத்திரை சென்றேன். அது ஆடி மாதம். "மழைக்காலத்தில் யாராவது கோவாவுக்குப் போவார்களா, ஃபாதர்?" என்று பலர் கேட்டனர். மழையில் சென்றதே எனக்கு நன்மையாயிற்று. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பழைய கோவா ஒரு காலத்தில் போர்த்துகீசியரின் கீழைநாட்டு ஆட்சிக்குத் தலைநகராய் விளங்கியது. கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் தாக்கவே, மக்கள் நகரைவிட்டு அகன்றனர். 1843இல் தலைநகரம் பணஜிக்கு முறைப்படி மாற்றப்பட்டது. மாளிகைகளும் கடைவீதிகளும் மறைந்தன. தென்னைகளுக்கிடையே கோயில்கள் மட்டும் நிற்கின்றன. மனிதர் தமக்கெனக் கட்டியவை அழிந்து, இறைவனுக்கெனக் கட்டியவை எஞ்சி நிற்பதைக் கண்டபோது என் உள்ளம் நெகிழ்ந்தது. 1986ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இக்கோயில்களையும் துறவற இல்லங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

அவற்றுள் போம் ஜேசு பேராலயமே நாங்கள் நாடிச் சென்றது. 'நல்ல இயேசு' என்பது அப்பெயரின் பொருள். இயேசு சபையினர் 1594இல் பணியைத் தொடங்கினர். 1605 மே 15ஆம் நாள் பேராயர் மெனெசெஸ் ஆண்டகை இதனை அர்ச்சித்தார். 1946 முதல் இது பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றுள்ளது.

இக்கோயிலின் கட்டடப் பாணியைப் பரோக் என்பர். ஒழுங்கான உருண்டை வடிவம் பெறாத முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்று மொழியறிஞர் பலர் கூறுவர். முத்துக்குளித்துறை மக்களுக்காக உழைத்த புனிதரின் கல்லறை, முத்தின் பெயர் தாங்கிய பாணியில் அமைந்த கோயிலில் இருப்பது எத்துணைப் பொருத்தம்! திரெந்து பொதுச்சங்கத்துக்குப் (1545–1563) பின்னர், கலை மக்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் திருச்சபையில் வலுப்பெற்றது. எழுத்தறியாதவனும் கண்ணால் மறைக்கல்வி கற்கலாம் அன்றோ? உரோமையில் 1584இல் அர்ச்சிக்கப்பட்ட ஜேசு ஆலயம், இயேசு சபையினர் பல நாடுகளில் எழுப்பிய கோயில்களுக்கு முன்மாதிரியாயிற்று.

போம் ஜேசுவின் உள்ளே நுழைந்ததும் அதன் நோக்கம் விளங்கிவிடும். பார்வையை மறைக்கும் தூண் வரிசைகள் இல்லை. ஒரே நீண்ட மண்டபம். எங்கு நின்றாலும் பீடம் தெரியும். பிரசங்க மேடையிலிருந்து வரும் குரல் கேட்கும். நடுப்பீடம் முழுவதும் பொன்முலாம் பூசிய மரவேலைப்பாடு. கீழே சிறிய குழந்தை இயேசு. அதற்கு மேல் புனித இஞ்ஞாசியாரின் பெரிய சுரூபம். குழந்தை சிறிதாகவும் புனிதர் பெரிதாகவும் இருப்பதேன் என்று எங்களுடன் வந்த சிறுமி ஒருத்தி கேட்டாள். "இஞ்ஞாசியார் எங்கே பார்க்கிறார் என்று பார், அம்மா" என்றேன். அவர் கண்கள் மேலே கதிர் வீசும் வட்டத்துள் பொறித்த இயேசுவின் திருப்பெயரையே நோக்கியிருந்தன. அதற்கும் மேலே மூவொரு இறைவன்.

வலப்புறச் சிற்றாலயத்தில் சவேரியாரின் கல்லறை. கோவா நாட்டுத் தட்டார்கள் 1637இல் முடித்த வெள்ளிப் பேழையினுள் திருவுடல் உள்ளது. அதனைத் தாங்கும் பளிங்கு மேடையைத் தஸ்கனி நாட்டுக் கோமகன் மூன்றாம் கோசிமோ காணிக்கையாக அனுப்பினார். சிற்பி பொஜீனி செய்த அம்மேடை 1698இல் இங்கே நிறுவப்பட்டது. அதன் வெண்கலத் தகடு ஒன்றில் புனிதர் திருமுழுக்கு அளிக்கும் காட்சி உண்டு. 1544ஆம் ஆண்டின் இறுதியில் நம் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக அவர் கடிதம் எழுதினார். நம் முன்னோர் தலையில் தண்ணீர் வார்த்த அந்த வலக்கரத்தின் ஒரு பகுதி 1614இல் உரோமைக்கு அனுப்பப்பட்டு, இன்றும் ஜேசு ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

செபம் முடித்து வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்களுடன் வந்த முதியவர் ஒருவர் குடையை மறந்து சுவரருகே நின்றார். அவர் கொத்தனார். செந்நிறச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்து, என்னிடம் நீட்டினார். விரலெல்லாம் செம்மண்.

"சாமி, இது நம்ம ஊரு வெட்டுகல்லுலா? மேல பூச்சே இல்லியே. மழ நேரா கல்லுல அடிச்சா கல்லு கரையாதா?" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. போம் ஜேசுவின் சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. முகப்பின் அலங்கார வேலைப்பாட்டுக்கு மட்டும் வசாயிலிருந்து கருங்கல் கொணர்ந்தனர். கட்டிய நாள் முதல் சுவர்களின்மேல் சுண்ணாம்புக் காரை இருந்தது. கல்லின் பழமை வெளியே தெரியட்டும் என்ற எண்ணத்தில் 1950களில் அதனை உரித்துவிட்டனர். செம்புரைக்கல்லோ நுண்துளைகள் நிறைந்தது, நீரை உறிஞ்சும். மழையைத் தான் ஏற்றுக் கல்லைக் காப்பது காரையின் வேலை. காரை தேய்ந்தால் மீண்டும் பூசலாம். கல் தேய்ந்தால் மீளாது. மறுபடியும் காரை பூச வேண்டும் என்று கோயிற்பொறுப்பில் இருப்போரும் கட்டடக்கலை அறிந்தோரும் வலியுறுத்தி வந்துள்ளனர். செந்நிறத் தோற்றமே கண்ணுக்குப் பழகிவிட்டது, அதனை மாற்றலாகாது என்போரும் உளர்.

நான் மறுமொழி கூறவில்லை. வெட்கத்தால் தலை குனிந்தேன். ஏனெனில் அம்முதியவர் என் முதற்பங்கைச் சேர்ந்தவர். நான் முப்பது வயதில் அங்கே பொறுப்பேற்றபோது, பழைய சிற்றாலயத்தின் சுண்ணாம்புக் காரை அழுக்கேறியிருந்தது. அதைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசச் சொன்னேன். "சிமெண்டு வேண்டாம் சாமி, சுவருக்கு மூச்சு முட்டும்" என்று அவர் தடுத்தார். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற எனக்கு ஒரு கொத்தனார் பாடம் சொல்வதா என்று எண்ணினேன். மூன்று மழைக்காலம் சென்றது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிர்ந்தது. உள்ளிருந்த கல் பொடியாயிற்று. என் காலத்துக்குப் பின் அச்சுவரை இடித்துக் கட்டினார்கள். செலவு முழுவதும் ஏழை மக்களின் காணிக்கை.

"அன்றைக்கு உங்கள் சொல்லைக் கேளாமல் போனேன், பெரியவரே. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் போட்டும் சாமி, வாங்க, நனையாதீங்க" என்று குடையை என் தலைக்குமேல் பிடித்தார்.

அன்புக்குரியவர்களே, இன்று நம் ஊர்களில் பழைய கோயில்களை இடிப்பதும், சுரண்டுவதும், வழவழப்பான ஓடு பதிப்பதும் வளர்ச்சி எனப்படுகின்றன. இடம் போதாத இடத்தில் புதிய கோயில் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் கை வைப்பதற்கு முன், அச்சுவரை அறிந்த முதியவர் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். சுண்ணாம்பு நீற்றவும் காரை அரைக்கவும் அறிந்த கைகள் நம்மிடையே இன்னும் சில உள்ளன. அவை மறையுமுன் இளைஞர் சிலரையேனும் அவர்களிடம் பழகச் செய்யுங்கள். கோமகனின் பளிங்கும் நடுப்பீடத்துப் பொன்னும் முந்நூறு ஆண்டுக்கு மேல் நிலைப்பதற்கு, பெயர் தெரியாத கொத்தனார் பூசிய சுண்ணாம்பும் காவலாயிருந்தது என்பதை நான் பழைய கோவாவின் மழையில் கற்றுக்கொண்டேன்.