விழியிழந்தவர் அமைத்த இசைக்குழு



பயிற்சிக் கல்லூரிக் காலத்திலிருந்தே இலத்தீன் அமெரிக்க இசையைக் கேட்பது என் வழக்கம். அவ்வாறு அறிமுகமானவர்தாம் கியூபா நாட்டின் அர்சேனியோ ரொட்ரிகஸ். ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியவர் என்பதால் இவரைப் பற்றி எழுதுகிறேன்.

1911ஆம் ஆண்டு மத்தான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் இவர். கொங்கோ பகுதியிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல். சிறுவனாக இருந்தபோது விலங்கொன்று உதைத்ததில் இரு கண்களின் பார்வையும் பறிபோனது. வறுமை, கறுப்பு நிறம், பார்வையின்மை என மூன்று தடைகளுடன் வளர்ந்த அச்சிறுவன், ‘திரெஸ்’ என்னும் கருவியில் தேர்ச்சி பெற்றான். அது மூன்று இணைத் தந்திகள் கொண்ட, கிட்டாரைப் போன்ற கியூப இசைக்கருவி.

1937இல் இவர் இயற்றிய ‘புரூக்கா மனிகுவா’ என்னும் பாடலை ‘கசினோ தெ லா பிளாயா’ இசைக்குழு ஒலிப்பதிவு செய்தது. விடுதலைக்கு ஏங்கும் ஆப்பிரிக்க அடிமையின் குரல் அப்பாடலில் ஒலிக்கிறது. அதனால் இவர் பெயர் நாடெங்கும் பரவியது.

இவருடைய பெருஞ்சாதனை 1940ஐ ஒட்டிய காலத்தில் நிகழ்ந்தது. ‘சோன்’ எனப்படும் நடன இசையை அதுவரை ஒற்றை எக்காளம் கொண்ட சிறு குழுக்களே இசைத்து வந்தன. அர்சேனியோ தம் குழுவில் பியானோவைச் சேர்த்தார். எக்காளங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். தெருவிழாவுக்கு மட்டுமே உரியது என மேல்தட்டினர் ஒதுக்கிய கொங்கா முரசையும் குழுவின் நடுவே அமர்த்தினார். பிற்காலத்தில் ‘சல்சா’ எனப் புகழ்பெற்ற இசைக்கு இவ்வமைப்பே அடித்தளமாயிற்று. ‘அற்புதக் குருடர்’ என்று மக்கள் இவரை அழைத்தனர்.

1947இல் பார்வை திரும்பும் என்ற நம்பிக்கையோடு நியூயார்க்கில் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவரை நாடினார். வழியே இல்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். அத்துயரத்தில் பிறந்ததே ‘வாழ்க்கை ஒரு கனவு’ என்னும் பொருளுடைய அவரது பாடல்.

1950களின் தொடக்கத்தில் தம் குழுவை எக்காளக் கலைஞர் ஃபெலிக்ஸ் சப்போத்தினிடம் விட்டுவிட்டு அமெரிக்காவில் குடியேறினார். அக்காலத்தில் ‘மம்போ’ உலகைக் கலக்கியது. அதன் உருவாக்கத்தில் அர்சேனியோவுக்கும் பங்குண்டு. ஆயினும் புகழ் பெரும்பாலும் பெரெஸ் பிராதோவைச் சென்றடைந்தது. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அர்சேனியோ காலமானார். மறு ஆண்டே லாரி ஹார்லோ அவருக்கு அஞ்சலியாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்.

இக்கதையைத் தன்முனைப்பு உரைகளில் சொல்லிக் கைத்தட்டல் பெறுவது எளிது. எனக்கு அது உடன்பாடன்று. அவர் கண்கள் குணமாகவில்லை. உரிய புகழும் வாழ்நாளில் முழுமையாகக் கிட்டவில்லை. என்னைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. இருந்த குழுவில் தமக்கு ஓர் ஓரத்து நாற்காலி கிடைத்தால் போதுமென அவர் எண்ணவில்லை. தம் செவி கேட்ட இசைக்கு ஏற்பக் குழுவையே மாற்றியமைத்தார்.

சில ஆண்டுகளுக்கு முன், பார்வை மிகக் குறைந்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் பயின்றான். கலைநிகழ்ச்சிக்கான பயிற்சி தொடங்கியபோது அவனுடைய தாயார் என்னைத் தேடி வந்தார்.

“டீச்சர், மேடையில தடுமாறி விழுந்தா பிள்ளைங்க சிரிப்பாங்க. இவன விட்டுருங்க,” என்றார்.

அது தாயின் அச்சம், அதில் குற்றமில்லை. வரிசையாக நிற்கவிருந்த முரசுக் குழுவை அரைவட்டமாக அமரச் செய்தேன். அவனை நடுவில் அமர்த்தினேன். தாளத்தைத் தொடங்கி வைக்கும் பொறுப்பு அவனுடையது. மற்றவர்கள் அவன் கையைப் பார்த்து அடித்தனர். அவனோ அவர்களது ஒலியைக் கேட்டு அடித்தான். ஒருமுறை வேகம் தப்பியபோது, அவனே நிறுத்தி மீண்டும் தொடங்கினான். அவையில் எவரும் சிரிக்கவில்லை.

நம் வகுப்பறைகளில் நாற்காலிகளை இடம் மாற்றப் பெரும்பொருள் தேவையில்லை. உங்கள் பள்ளியில் இதுபோன்ற முயற்சிகள் நடந்திருந்தால் எழுதுங்கள். அறிய ஆவலாக உள்ளேன்.