மேக்கில் காணாமல் போன டேட்டா அனாலிசிஸ் பட்டன்

பி.காம். மூன்றாம் வருட ப்ராஜெக்டைக் கொடுக்க இன்னும் பதினோரு நாள். 2024 பிப்ரவரி. என் லேப்டாப் அன்றைக்குத்தான் உயிரை விட்டது. "மதர்போர்டு போச்சு தம்பி, இதைச் சரி பண்ற காசுக்கு பழசு ஒண்ணு வாங்கிடலாம்" என்றார் கடைக்காரர். வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பெங்களூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். "என் பழைய மேக்புக் பரண்ல கிடக்கு, எடுத்துக்கோ. மேல ஸ்டிக்கர் ஒட்டுன, கொன்னுருவேன்" என்றாள்.

தூசி தட்டித் திறந்தால் எக்ஸெல் 2011 இருந்தது. என் ஃபைல் பென்டிரைவில் பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று டேட்டா டேப்புக்குப் போய் வலது ஓரத்தைப் பார்க்கிறேன்... டேட்டா அனாலிசிஸ் பட்டனைக் காணோம். ஆட்-இன்ஸ் பட்டியலில் டிக் அடிக்கலாம் என்று போனால் அங்கேயும் அந்தப் பெயரே இல்லை. ஙே என்று முழித்தேன்.

காமர்ஸ் பக்கம் வராத புண்ணியவான்களுக்காகச் சின்ன விளக்கம். எக்ஸெலோடு அனாலிசிஸ் டூல்பேக் என்று ஒரு துணை நிரல் வரும். அதை இயக்கிவிட்டால் ஒரு பட்டன் கிடைக்கும். அதை அழுத்தி, ரெக்ரஷன் என்று தேர்ந்தெடுத்து, ஒய் எது எக்ஸ் எது என்று காட்டி ஓகே கொடுத்தால் பெரிய அட்டவணை ஒன்று வந்து விழும். அதை அப்படியே வேர்டில் ஒட்ட வேண்டியது. இந்த நாலு க்ளிக்குக்குத்தான் எங்கள் லேபில் புள்ளியியல் என்று பெயர்.

தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. மேக்குக்கான எக்ஸெல் 2008-இல் மேக்ரோ மொழியையே எடுத்துவிட்டார்களாம், டூல்பேக்கும் கூடவே போய்விட்டது. 2011-இல் மேக்ரோ திரும்பி வந்தது, டூல்பேக் வரவில்லை. 2016 பதிப்பில்தான் வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஸ்டாட்பிளஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் மென்பொருளை இறக்கிக்கொள்ள வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால் எக்ஸெல் பிறந்ததே மேக்கில்தான். 1985-இல் மேக்கின்டாஷுக்கு வந்தது, விண்டோஸுக்கு வந்தது 1987-இல். பிறந்த வீட்டிலேயே பண்டபாத்திரம் குறைவு!

பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கும் நண்பனிடம் புலம்பினேன். "ஏல, பட்டன் இல்லன்னா கணக்கே இல்லையா? லினெஸ்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்குல்லா, எல்லா எக்ஸெல்லயும் இருக்கும், கூகுள் ஷீட்ஸ்ல கூட இருக்கும். அதப் போடு" என்றான்.

போட்டேன். ஐந்து வரிசைக்கு மூன்று பத்தி என்று காலி செல்களைத் தேர்ந்தெடுத்து, ஒய் எல்லை, எக்ஸ் எல்லை, ட்ரூ, ட்ரூ என்று ஃபார்முலா எழுதி, வெறும் ரிட்டர்ன் அடிக்காமல் கமாண்டையும் சேர்த்து அடிக்க வேண்டும். பெயர் ஒட்டாத எண்கள் வந்து நிற்கும். முதல் வரிசையில் கெழுக்கள். இரண்டாவதில் அவற்றின் ஸ்டாண்டர்டு எரர். மூன்றாவதில் ஆர் ஸ்கொயர். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் டி மதிப்பு, அதை டிடிஸ்ட் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டால் பி மதிப்பு. டூல்பேக் இதையெல்லாம் தானே செய்து தந்ததால் டி எங்கிருந்து வருகிறது என்று நான் மூன்று வருடமாகக் கேட்டதே இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு, மக்களே!

ஆனால் விடை பொருந்தவில்லை. மேடத்திடம் முதல் டிராஃப்டில் கொடுத்த அட்டவணை ஒன்று சொல்கிறது, இது வேறு சொல்கிறது. லினெஸ்ட் கெழுக்களைத் தலைகீழாகத் தரும், கடைசி எக்ஸ்தான் முதலில் வரும் என்று ஒருமணி நேரம் கழித்துப் புரிந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் பொருந்தவில்லை.

என் ப்ராஜெக்ட் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் 48 மளிகைக் கடைகள். மாத விற்பனைதான் ஒய். கடையின் சதுர அடி ஒரு எக்ஸ், பற்று நோட்டில் எழுதி வாங்கும் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பது இன்னொரு எக்ஸ். பற்று கொடுத்தால் வியாபாரம் கூடுமா என்பதுதான் கேள்வி. "ஒரு பற்று வாடிக்கையாளர் கூடினால் மாத விற்பனை சுமார் 13,850 ரூபாய் கூடுகிறது, டி மதிப்பு 4.2" என்று டிராஃப்டில் பெருமையாக எழுதியிருந்தேன். இப்போது இந்த மேக் சொல்கிறது: 1,050 ரூபாய், டி 1.32, பி 0.19. அதாவது, சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

மேக்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். இரண்டு ராத்திரி அதைத் திட்டியபடியே கழித்தேன். மூன்றாவது நாள், அந்தக் கிழட்டு மெஷினில் ஓடக்கூடிய லிப்ரே ஆஃபிஸ் பதிப்பு ஒன்றைத் தேடி இறக்கினேன். அதில் டேட்டா மெனுவுக்குள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று தனியாகவே இருக்கிறது, ரெக்ரஷனும் உண்டு, காசு கிடையாது. ஓட்டினேன். 1,050 ரூபாய். பி 0.19.

அந்த அட்டவணையின் ஒரு செல்லைத் தற்செயலாகக் க்ளிக் செய்தேன். உள்ளே எண் இல்லை, ஃபார்முலா இருந்தது. அதே லினெஸ்ட். ஒரு சந்தேகம் வந்து, என் பழைய எக்ஸெல் ஃபைலில் டூல்பேக் தந்த ஷீட்டைத் திறந்து அதே இடத்தைக் க்ளிக் செய்தேன். வெறும் எண். எல்லாமே வெறும் எண்.

வயிற்றைக் கலக்கியது. டூல்பேக் ஒருமுறை கணக்குப் போட்டு விடையைக் கல்வெட்டு மாதிரி பொறித்துவிட்டுப் போய்விடும். பிறகு டேட்டாவை மாற்றினால் அது மாறாது. நான் மாற்றியிருந்தேன். ஜனவரியில் சர்வே தாள்களோடு ஒப்பிட்டபோது ஒரு கடையின் விற்பனை 4,20,000-க்குப் பதில் 42,00,000 என்று இருந்ததைப் பார்த்து, ஒரு சைபரை நீக்கி, சேவ் செய்து, "எவ்வளவு பொறுப்பான ஆள் நாம" என்று என்னையே மெச்சிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரெக்ரஷனைத் திரும்ப ஓட்டவில்லை. அந்தக் கடைக்குப் பற்று வாடிக்கையாளர் 112 பேர், மற்ற யாருக்கும் அவ்வளவு இல்லை. அந்த ஒற்றை சைபர்தான் என் முழு முடிவையும் தோளில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

லேப்டாப் சாகாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அதைவிடச் சங்கடம், இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். மேடம் பழைய டிராஃப்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். எக்ஸ்டர்னல் யாரும் எக்ஸெல் ஃபைலைக் கேட்கப்போவதில்லை. ஸ்டார் போட்ட அட்டவணை இருந்தால் மார்க் வரும். 'சம்பந்தம் இல்லை' என்று முடியும் ப்ராஜெக்டை எங்கள் பேட்ச்சில் யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். நமக்கு முன்னால் பெரிய பெரிய தலைகளும் இப்படி வழுக்கியிருக்கின்றன என்று மனசு சமாதானம் தேடியது. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு ஹார்வர்டு பொருளாதார நிபுணர்கள் நாட்டின் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2010-இல் எழுதிய கட்டுரையில், எக்ஸெல் சராசரி ஃபார்முலா ஐந்து நாடுகளை விட்டுவிட்டதை 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர்தான் கண்டுபிடித்தார். அவருக்கு அவர்களே தங்கள் ஃபைலை அனுப்பி வைத்ததால்தான் அது முடிந்தது. என்னிடம் ஃபைல் கேட்க ஆளே இல்லை.

மறுநாள் மேடத்திடம் போனேன். முழுவதையும் சொன்னேன். அவர் டிராஃப்டைப் புரட்டி அந்த 13,850-இல் விரலை வைத்தார்.

"உங்க வீட்டுல மாசம் எவ்வளவுக்கு மளிகை வாங்குவீங்க?"

"அஞ்சாயிரம் ஆகும் மேடம்."

"அப்போ ஒரு பற்று வீடு கூடினா எப்படிப்பா பதிமூணாயிரம் கூடும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எனக்கும் தோணலையே. கையெழுத்து போட்டிருக்கேன்ல" என்றார். பிறகு, அந்தக் கடைக்குப் போய் எண்ணை இன்னொரு தடவை கேட்டு வந்து அத்தியாயத்தைத் திரும்ப எழுதச் சொன்னார்.

சாயங்காலம் போனேன். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். நாலு இருபதுதான், சரியாகத்தான் தாளில் எழுதியிருந்தேன். நான் முதலில் 42 லட்சம் என்று அடித்துவிட்டேன் என்றதும் சிரித்துவிட்டார். "நாப்பத்திரண்டு லட்சத்துக்கு வித்தா நான் ஏன்டே இங்க உக்காந்து பொட்டலம் கட்டுதேன்?" என்றவர், பற்று நோட்டை எடுத்து முன்னால் போட்டார். "இதுல பாதி வசூலே ஆகல. இதையும் உன் கம்ப்யூட்டர்ல போடு."

போட முடியாது, நாள் இல்லை. வசூலாகாத பற்று என்று மூன்றாவது எக்ஸ் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று குறைகள் பகுதியில் நாலு வரி மட்டும் எழுதிச் சேர்த்தேன்.

டிஸ்கி: மேக்புக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டவில்லை அக்கா, சத்தியமாக :-)