வேட்டைத் தோட்டாவும் வீட்டுப் பெட்டியும்

பெங்களூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் பல, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், வேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவை. ஊரில் ஒரு பழைய வீடும், அவ்வீட்டில் பல காலமாகத் திறவாத ஒரு டிரங்குப் பெட்டியும் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. பெரியவர்கள் காலமான பின் அப்பெட்டிகளைத் திறந்தால் கிரயப் பத்திரங்களும் ஜாதகக் கட்டுகளும் வெண்கலச் சாமான்களும் அகப்படும். காட்டோரத்து ஊர்களில் அவற்றோடு துப்பாக்கித் தோட்டாக்களும் அகப்படுவதுண்டு. எங்கள் வீட்டுப் பெட்டியில் அவ்வாறு கிடைத்த ஆறு தோட்டாக்களைப் பற்றியும், அவற்றை என்ன செய்வது என்று எழுந்த கேள்வியைப் பற்றியும் இங்கே எழுதுவது, இதைப் படிக்கும் சில குடும்பங்களுக்கேனும் பயன்படக்கூடும்.

எங்கள் பாட்டனார் தேன்கனிக்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். இளமையில், பெங்களூரிலிருந்து வேட்டைக்கு வந்த துரைமார்களுக்கு வழிகாட்டியாகவும், தப்படித்துக் காடு கலைக்கும் ஆளாகவும் கூலிக்குச் சென்றிருக்கிறார். அவர்களுள் ஒருவர் கொடுத்துச் சென்ற தோட்டாக்களே அவை. நான்கு வெறுங்கூடுகள், இரண்டு வெடிக்காதவை. ஒவ்வொன்றும் ஆண்பிள்ளையின் நடுவிரல் நீளமிருக்கும். பித்தளை பச்சை பூத்துப் போயிருந்தது. அடிப்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தபோது, வின்செஸ்டர் கம்பெனியின் முத்திரையும் .405 என்ற எண்ணும் தெரிந்தன.

இந்த எண் பெங்களூர்வாசிகளுக்கு ஒருவகையில் உறவுடையது. இந்நகரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் தம் தோளில் சுமந்து திரிந்தது இத்தோட்டாவைச் சுடும் துப்பாக்கியைத்தான். 1910-இல் பிறந்து 1974-இல் பெங்களூரில் மறைந்த அவர், இங்குள்ள விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். கன்னடமும் தமிழும் பேசியவர். 1954-இல் வெளிவந்த அவருடைய முதல் வேட்டை நூலில் ஜவளகிரியும், கும்மளாபுரமும், சிகூரும் வருகின்றன. நம்மவர்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய காடுகளே அவை.

அவர் வைத்திருந்தது 1895-ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர் துப்பாக்கி. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வகுத்த அமைப்பு. விசையைச் சுற்றியுள்ள வளையமே இதில் நெம்புகோலாகிறது. அதைக் கீழே தள்ளினால் வெறுங்கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே மறுமுறை சுடலாம். அக்காலத்து இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் விலையும் வெகு குறைவு. மாதச் சம்பளக்காரர் ஒருவர் புலிக்காட்டுக்குள் எடுத்துச் செல்லத்தக்க துப்பாக்கியாக அது இருந்ததற்கு இவையே காரணங்கள்.

நெம்புகோல் துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பதில் ஒரு விசேஷம் உண்டு. இவ்வினத்துத் துப்பாக்கிகள் பலவற்றில், குழலுக்குக் கீழுள்ள மற்றொரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும். பின்னதன் குண்டு முன்னதன் அடியில் உள்ள கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். குண்டின் முனை கூராக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் அது கேப்பைக் குத்தி, குழாய்க்குள்ளேயே தோட்டா வெடித்துவிடக்கூடும். ஆகையால் இவற்றுக்குத் தட்டையான முனையுள்ள குண்டுகளே வழக்கம். 1895 மாதிரியில் பிரௌனிங் குழாயை நீக்கி, அடியில் ஒரு பெட்டி வைத்துத் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அதனால் கூர்முனைக் குண்டுக்கும், வலிய தோட்டாவுக்கும் அதில் இடம் கிடைத்தது.

.405 தோட்டா 1904-இல் வந்தது. அதன் குண்டு 300 கிரெயின் எடை, அதாவது ஏறக்குறைய இரண்டரைச் சவரன். வேகம் நொடிக்கு 2,200 அடி. குழலை விட்டுப் புறப்படும்போது அதற்குள்ள ஆற்றல், 3,200 பவுண்டு பாரத்தை ஓர் அடி உயரம் தூக்குவதற்குச் சமம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது, சிங்க வேட்டைக்கென்று இத்துப்பாக்கியையே நம்பி எடுத்துச் சென்றார். ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. குண்டின் பருமனுக்கு எடை குறைவாதலால் ஆழ ஊடுருவும் வன்மை போதாது. புலிக்கும் சிறுத்தைக்கும் தக்கது. காட்டெருமைக்கும் யானைக்கும் பெரிய இரட்டைக்குழல் துப்பாக்கிகளே வேண்டும் என்பது அறிந்தவர் முடிவு.

அந்தப் பெரிய துப்பாக்கிகளின் எண்களிலும் நம் நாட்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. படைவீரர்களின் பழைய மார்ட்டினி துப்பாக்கிக்குப் பயன்படும் குண்டு கலகக்காரர் கைக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, 1907-இல் ஆங்கில அரசு .450 அளவுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குள் இறக்கத் தடை விதித்தது. உடனே இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதிய அளவுகளைப் படைத்தன. தோட்டாவின் அளவை விலங்கின் பருமன் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆள்பவரின் அச்சமும் தீர்மானிக்கிறது!

இவ்வளவு பெரிய தோட்டா எதற்கு என்று கேட்கத் தோன்றும். என் பாட்டனார் அதற்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்வார்: “செத்த புலியால் யாருக்கும் பயமில்லை, அடிபட்ட புலிக்கு ஊரே பயப்படணும்.” இது காட்டோரத்துக்காரரின் அநுபவ மொழி. குமாவூன் மலைப்பகுதியில் 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி, 436 பேரைக் கொன்றது என்று கணக்கிடப்பட்டது. அதன் வாயின் வலப்புறக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்னெப்போதோ யாரோ சுட்டதில் அவை உடைந்துபோக, இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் மனிதனைத் தேடியது என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவரின் அரைகுறைச் சூட்டுக்கு விலை கொடுத்தவர்கள், புல்லறுக்கவும் விறகொடிக்கவும் சென்ற ஏழை மக்கள்.

நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கியும் இத்தகையதே. முன்வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, நாரை அடைத்து, ஈயத்துண்டுகளைக் கெட்டித்துச் சுடுவார்கள். மானை ஒருவேளை வீழ்த்தும். பெருவிலங்கைப் பெரும்பாலும் காயப்படுத்தி மட்டுமே அனுப்பும். ஆகவே தக்க தோட்டாவைத் தேர்வதும், காயம்பட்ட விலங்கைக் கண்டுபிடிக்கும்வரை காட்டைவிட்டு வெளியேறாமல் இருப்பதும் நல்ல வேட்டைக்காரரின் தர்மமாக மதிக்கப்பட்டன. துப்பாக்கி எடுத்தவன் தப்பினால், எடுக்காதவன் உயிர் போகும் என்ற பொறுப்பு அது.

இப்பொழுது எங்கள் கதைக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்த அன்று, பீனியாவில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை செய்யும் என் சித்தப்பா மகன் அக்கூடுகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணா, அமெரிக்காவில் இதையெல்லாம் வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்களாமே! கைப்பேசியில் பார்த்திருக்கிறேன். அச்சு ஒன்று கடைந்துவிட்டால் போதும். நாம் ஏன் செய்யக்கூடாது?” என்றான்.

கேள்வியில் விளையாட்டு இல்லை. அவன் தகப்பனாரின் நிலக்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் இரண்டு பருவமாக உழுதுபோட்டிருந்தன. கடன் வாங்கிப் போட்ட விதை அது. ஊரில் யாரிடமாவது ஒரு துப்பாக்கி கிடைக்கும், தோட்டா மட்டும் இருந்தால் போதும் என்பது அவன் எண்ணம்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. மறுநிரப்புதல் என்பது அந்நாட்டில் சட்டப்படி நடக்கும் கைத்தொழில். சுட்ட கூட்டைச் சுத்தம் செய்து, எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். வெடித்த கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்துவார்கள். பொன் நிறுப்பதைவிட நுட்பமான தராசில் மருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டைச் செருகி, கூட்டின் விளிம்பை அதன்மீது இறுக்கி மடிப்பார்கள். நெம்புகோல் துப்பாக்கிக்கு இக்கடைசிக் காரியம் இன்றியமையாதது. மடிப்புத் தளர்ந்தால், உதைப்பின் அதிர்ச்சியாலும் உள்ளிருக்கும் சுருள்வில்லின் அழுத்தத்தாலும் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளிடம் குறையவே அழுத்தம் தாறுமாறாக ஏறும். தோட்டாவின் மொத்த நீளம் மயிரிழை கூடினாலும் துப்பாக்கி அதை விழுங்காது.

அபாயம் பெரும்பாலும் மருந்தில் இருக்கிறது. 1873-இல் அமெரிக்கப் படைக்காக வந்த .45-70 என்ற பெருந்தோட்டாவின் பெயரிலேயே 70 கிரெயின் கரிமருந்து என்ற கணக்கு அடங்கியிருக்கிறது. அக்கூட்டில் கரிமருந்தை நிறையக் கொட்டலாம், அதற்கென்றே செய்தது. அதே கூட்டில் அதே அளவு புகையில்லா மருந்தைக் கொட்டினாலோ, துப்பாக்கி சுடுகிறவனின் முகத்தருகே பிளந்துபோகும். இதே தோட்டாவுக்கு, பழைய படைத்துப்பாக்கிக்கு ஓர் அளவு, நெம்புகோல் துப்பாக்கிக்கு ஓர் அளவு, புதிய வலிய துப்பாக்கிக்கு ஓர் அளவு என்று மூன்று தனித்தனிப் பட்டியல்களைக் கையேடுகள் அச்சிடுகின்றன. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் இட்டால் ஆபத்துதான். எங்கள் கூடுகளோ இன்னும் மோசம். பழைய கேப்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்த மருந்து இருந்தது. வெடித்தபின் அப்பாதரசம் பித்தளையைப் பற்றி, நாளடைவில் அதை நொறுங்கும்படி செய்துவிடும். பார்வைக்கு உறுதியாயிருக்கும் கூடு, சுடும்போது அப்பளமாய் உடையும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன், “அப்படியானால் அவுட்டுக்காய் வைத்துவிடலாம்; செலவும் குறைவு” என்றான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. பழத்திலோ கொழுப்பிலோ வெடிமருந்தைப் பொதிந்து, கடித்தால் வெடிக்கும்படி வைக்கும் அந்தக் கொடுமையை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. பன்றிக்கு வைத்ததை யானை கடித்து, தாடை சிதைந்து, உண்ணவும் முடியாமல் பல நாள் துடித்துச் சாகிறது. 2020 மே மாதம் பாலக்காட்டில் சூல்கொண்ட யானையொன்று அப்படி வாய் வெந்து, ஆற்றுநீரில் இறங்கி நின்றபடியே உயிர்விட்டதை நாடே கண்டு வருந்தியது. பாட்டனார் சொன்ன அரைகுறைச் சூட்டின் இன்றைய வடிவமே இது. மேய்ச்சலுக்குப் போகும் பசுவும், வழியில் கிடந்ததைக் கையில் எடுக்கும் பிள்ளையும் இதற்குப் பலியாகலாம்.

“தம்பி, பாட்டன் புலிக்கு முன்னால் நடந்தவர். அடிபட்ட விலங்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். நாம் அடிபட்ட விலங்கை ஊருக்குள் விடலாமா?” என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கூடுகளை மட்டும் பெட்டியில் திரும்ப வைத்தான்.

சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம். 2019-இல் செய்த திருத்தத்திற்குப் பின் அதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. உரிமம் உள்ளவர் இறந்துவிட்டாலோ, வைத்திருப்பது வேறு காரணத்தால் சட்டப்படி செல்லாமற் போனாலோ, ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது.

சித்தப்பா ஊர்க் காவல் நிலையத்துக்கு முதலில் செய்தி சொன்னார். அவர்களே வந்து பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு, கூடுகள் உட்பட ஆறையும் எடுத்துச் சென்றார்கள். பன்றிச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவும் கொடுத்தோம். 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்குத் தமிழக அரசு வழி செய்தது. எங்கள் கொல்லை காட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அது எங்களுக்கு உதவாது. இழப்பீடும் போட்ட விதைக்கும் உழைப்புக்கும் ஈடாகாது. இவ்வாண்டு என் தம்பி விடுமுறை நாட்களில் ஊருக்குச் சென்று, அண்டைக் கொல்லைக்காரர்களோடு முறைவைத்து இராக்காவல் இருந்தான். விளைச்சலில் பாதிக்குமேல் வீடு சேர்ந்தது. முழு வெற்றி அன்று. ஆனால் எவர் உயிருக்கும் ஊறில்லை.

இருப்புப்பாதைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஊர்ப் பெட்டியில் இத்தகைய பொருள் கிடைத்தால், “பெங்களூருக்குக் கொண்டுபோய் அறிந்தவரிடம் காட்டலாம்” என்று துணிகளுக்கிடையே சுற்றி இரயிலில் ஏற்றாதீர்கள். அபாயகரமான பொருளைச் சட்டவிரோதமாக வண்டியில் கொண்டுவருவோருக்கு, 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதே பெட்டியில் கைக்குழந்தையோடு பயணம் செய்யும் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை பூத்த தோட்டாவைத் தேய்க்கவோ, சூடுபடுத்தவோ, பிரித்துப் பார்க்கவோ, பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கவோ கூடாது. கிடைத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்லுவதே முறை.

முன்னோர் விட்டுச்சென்ற எல்லாப் பொருளையும் காப்பாற்ற வேண்டியதில்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்குச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இன்று நம்மவர் எவருக்கும் இல்லை. ஆனால் நாம் செய்யும் காரியம் அரைகுறையாய் நின்றால் அதன் வேதனை யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் குணம், எக்காலத்துக்கும் வேண்டியது. அதை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போமாக.