கோல்கொண்டாவில் ஏழு கைதட்டல்

ஐதராபாத்தில் படிக்கும் தமிழ் மாணவனைப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் காட்ட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று சார்மினார், மற்றொன்று கோல்கொண்டாக் கோட்டை. பிரியாணி இந்தக் கணக்கில் சேராது. அதை நாம் முதல் நாளே முடித்துவிடுவோம்!

சென்ற டிசம்பர் விடுமுறையில் என் பெற்றோரும் தங்கையும் பள்ளிபாளையத்திலிருந்து வந்தார்கள். அப்பா விசைத்தறித் தொழிலாளி. முப்பது ஆண்டுகளாகத் தறிதான் அவருடைய உலகம். பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு ரயிலேறியிருந்தார்.

அவரைக் கோல்கொண்டாவுக்கு அழைத்துச் சென்றதில் எனக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது. அதை மறைப்பானேன்? பௌதிகம் படிக்கும் மகன் என்னதான் படிக்கிறான் என்பது அப்பாவுக்கு விளங்கியதில்லை. அதை விளக்கிக் காட்ட அந்தக் கோட்டையைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று எண்ணினேன்.

கருங்கல் குன்று ஒன்றின் மேல் எழுந்தது கோல்கொண்டா. ‘ஆட்டிடையர் குன்று’ என்பது அந்தத் தெலுங்குப் பெயரின் பொருள். காகதீயர் காலத்தில் மண்கோட்டையாக இருந்ததைக் குதுப் ஷாஹி மன்னர்கள் கற்கோட்டையாக்கினார்கள். 1518 முதல் 1687 வரை அவர்கள் ஆட்சி. 1591-இல் ஐதராபாத் நகரை அமைத்ததும் அவர்களே. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் நம் சென்னைப் பகுதியும் அவர்கள் ஆட்சியின் கீழ் வந்தது. ஆகவே கோல்கொண்டா நமக்கு முற்றிலும் அயலூர் அன்று.

கோட்டையின் புகழ் பெற்ற வியப்பு அதன் ஓசை. குன்றின் அடியில் பாலா ஹிஸார் வாயிலை ஒட்டிக் குவிமாட மண்டபம் ஒன்று உண்டு. அதன் நடுவே நின்று கைதட்டினால் குன்றின் உச்சியில் உள்ள மண்டபத்தில் கேட்கும். இடையே உள்ள தொலைவு ஒரு கிலோமீட்டர் இருக்கும் என்பார்கள். குவிமாடத்திலிருந்து சில அடி விலகித் தட்டினால் கேட்காது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் ஓசையை விழுங்குவதில்லை; திருப்பி அனுப்புகின்றன. வளைந்த கூரை அதைச் சிதறவிடாமல் சேர்த்து அனுப்புகிறது. வாயிலில் வருபவன் நண்பனா பகைவனா என்பதை மேலே இருப்பவர்களுக்கு நொடிப் பொழுதில் அறிவிக்க இது உதவியது என்று சொல்வார்கள். கம்பி இல்லாத காலத்துத் தந்தி!

நான் ஒரு சோதனை வகுத்தேன். அப்பா, அம்மா, தங்கை மூவரும் மேலே போக வேண்டும். அவர்கள் சேர்ந்ததும் தங்கை கைப்பேசியில் தெரிவிப்பாள். அதன்பின் நான் கீழிருந்து கைதட்டுவேன். எத்தனை முறை என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன். கேட்ட எண்ணிக்கையை, நான் மேலே வந்ததும் அப்பா சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்வது போலவே ஒழுங்கான சோதனை. அப்பாவின் காதருகே குனிந்து இதை விளக்கினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அன்று திங்கட்கிழமை. கதவு திறந்த சிறிது நேரத்திலேயே சென்றுவிட்டதால் கூட்டம் இல்லை. ஏறத்தாழ 360 படிகள். அம்மாவுக்கு மூட்டுவலி. அரைமணி கழித்துத்தான் தங்கையின் அழைப்பு வந்தது. நான் குவிமாடத்தின் நடுவே நின்று ஏழு முறை தட்டினேன். இடைவெளி விட்டு, உள்ளங்கை சிவக்கத் தட்டினேன்.

பிறகு ஓட்டமும் நடையுமாக ஏறினேன். பத்ராசலம் இராமர் கோயிலைக் கட்டிய கோபன்னா என்ற இராமதாசர் அடைபட்டிருந்ததாகக் கூறப்படும் சிறையையும், உச்சிவரை தண்ணீர் ஏற்றப் பதித்த சுடுமண் குழாய்களையும் இறங்கும்போது காட்டலாம் என்று நிற்காமல் சென்றேன். உச்சியில் மாகாளி கோயிலைத் தாண்டி, மண்டபத்துத் திண்ணையில் மூவரும் அமர்ந்திருந்தார்கள்.

“எத்தனை கேட்டுச்சுங்கப்பா?” என்றேன் மூச்சு வாங்க.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். “மூணு கண்ணு. நல்லாக் கேட்டுச்சு” என்றார்.

“இல்லீங்கப்பா, ஏ…” என்று தங்கை தொடங்கினாள். அம்மாவின் கை சட்டென்று அவள் கையை அழுத்தியது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கையழுத்தத்தில் என் சோதனையின் முடிவு எனக்குக் கிடைத்துவிட்டது.

அப்பா சற்றுத் தள்ளி நின்று கீழே நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னார். “ரொம்ப வருசமாவே அப்படித்தான் சாமி. வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புடிக்கறாரு. புள்ளைகிட்டச் சொல்லாதேன்னாரு. தெரிஞ்சா படிப்பை உட்டுப்போட்டு வந்துருவானாம்.”

தறிப்பட்டறையில் யாரும் குரலால் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது, வாயசைவால் பேசுவார்கள். சிறுவனாகச் சோறு கொண்டுபோன நாட்களில் அதை வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேன். தொழிற்கூடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டில் வகுத்த வரம்பு. பல விசைத்தறிக் கூடங்களின் இரைச்சல் அதைத் தாண்டும். அப்பா ஓட்டுவதோ நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். இந்த எண்களெல்லாம் எனக்குப் பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்! ஆனால் இந்த எண்களையும் என் அப்பாவையும் ஒருநாளும் நான் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

அப்போதுதான் மற்றொன்று நினைவுக்கு வந்து என்னைச் சுட்டது. அப்பாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. ஞாயிறுதோறும் பேசுவோம். நான் எதைச் சொன்னாலும் “சரி கண்ணு. சாப்பிட்டியா? வெச்சரட்டுமா?” என்பதே அவர் பதில். என்மேல் அக்கறை இல்லையோ என்று பலமுறை மனம் கசந்திருக்கிறேன். அக்டோபரில், “வேலைக்குப் போகலீங்கப்பா, ஆராய்ச்சிக்குச் சேரப்போறேன், இன்னும் அஞ்சு வருசமாகும்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதற்கும் “சரி கண்ணு. சாப்பிட்டியா?” என்றார். அதைச் சம்மதம் என்று கொண்டேன். நண்பர்களிடம், “என் அப்பா மறுப்பே சொல்லவில்லை” என்று பெருமையடித்தேன்.

அவர் மறுப்பும் சொல்லவில்லை; சம்மதமும் சொல்லவில்லை. நான் சொன்னது அவருக்குக் கேட்கவே இல்லை.

1687-இல் ஔரங்கசீப்பின் படை இந்தக் கோட்டையை ஏறத்தாழ எட்டு மாதம் முற்றுகையிட்டது. பீரங்கியால் உடையாத மதிலை இறுதியில் உள்ளிருந்த ஒருவன் கைக்கூலி பெற்றுத் திறந்துவிட்டான். கடைசி மன்னர் அபுல் ஹசன் தானா ஷா சிறைப்பட்டுத் தௌலதாபாத்தில் இறந்தார். வாயிலில் எழும் கைதட்டலைக் கேட்ட கோட்டை, உள்ளே நடந்த பேரத்தைக் கேட்கவில்லை. தங்கைக்கு இந்தக் கதையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அன்று அதை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓசையைப் பாடமாகப் படிக்கிறவனுக்கும் தன் வீட்டில் நடப்பது கேட்கவில்லையே!

அப்பாவை அழைத்துத் திண்ணையில் எனக்கு எதிரே அமர வைத்தேன். அக்டோபரில் சொன்னதை மீண்டும் முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இம்முறை அவர் கண்கள் என் வாயை விட்டு அகலவில்லை.

“அஞ்சு வருசமா?” என்றார்.

“ஆமாங்கப்பா. தேர்வு எழுதியிருக்கேன். தேறினா மாசாமாசம் உதவித்தொகை வரும்.”

“பாப்பா அடுத்த வருசம் காலேசுக்குப் போகோணும்.”

நான் பேசவில்லை. அவரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “தறி இன்னும் அஞ்சு வருசம் ஓடும். நான் ஓட்டறேன். நீ படி” என்றார்.

நான் வேண்டிய சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கையில் ஏந்த என்னால் முடியவில்லை. அந்த ஐந்து ஆண்டுத் தறியோட்டம்தானே எஞ்சிய செவியையும் உண்ணப்போகிறது?

மறுநாள் காது மருத்துவரிடம் சென்றோம். ஓசை கேட்கும்போதெல்லாம் அப்பா கையுயர்த்த வேண்டும். தாழ்ந்த சுருதிகளுக்குக் கை எழுந்தது. சுருதி ஏற ஏறக் கை மடியிலேயே கிடந்தது. 4,000 ஹெர்ட்ஸ் அருகே வரைபடத்தின் கோடு பள்ளத்தில் இறங்கியது. இரைச்சலால் கெட்ட காதின் அடையாளம் அது. உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. போனது போனதுதான், இருப்பதைக் காக்கலாம் என்றார் மருத்துவர். கேட்புக் கருவியின் விலையைக் கேட்டதும், “உன் உதவித்தொகை வரட்டும், பாக்கலாம்” என்று அப்பா எழுந்துவிட்டார்.

காதுறை ஒரு சோடி மட்டும் வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் மறுத்தார். “எந்தத் தறி நின்னுச்சுன்னு சத்தத்தை வெச்சுத்தான் கண்ணு தெரியும்!” என்றார். காதுறை எல்லாத் தறியின் ஓசையையும்தான் குறைக்கும், ஒன்று நின்றால் வேறுபாடு அப்போதும் தெரியும் என்று காகிதத்தில் கோடு போட்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “இதைத்தான் படிக்கறயா?” என்றார். “ஆமாங்கப்பா” என்றேன். காதுறையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதை அணிகிறாரா என்று தங்கையிடம் கேட்கிறேன். சில நாள் அணிகிறாராம். சில நாள் வெப்பம் தாங்காமல் கழற்றிவிடுகிறாராம். இப்போது ஞாயிறுதோறும் தங்கையின் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். விளக்கொளி என் முகத்தில் விழும்படி அமர்ந்துகொள்கிறேன். வாயைத் திறந்து நிதானமாகப் பேசுகிறேன். சென்ற வாரம் அப்பா என்னிடம் இருபது நிமிடம் பேசினார். பாதி நேரம் தறி முதலாளியைப் பற்றித்தான்!

ஊரை விட்டு வந்து படிக்கும் நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் ஒரு தறியோ, ஆலையோ, பட்டறையோ இருக்கிறது. அடுத்த ஞாயிறு பேசும்போது, நீங்கள் சொன்னதை ஒருமுறை அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “சரி கண்ணு” என்றதும் வைத்துவிடாதீர்கள்.